சேகரைப் பரீட்சைக்குக் கூட்டிப் போனது

3-8-70, திங்கள்

புழுக்கம். வானம் கறுத்தது, மழை இல்லை. மன்னிக்கவும், இத்தனை நேரங்கழித்து எழுதுகிறேன். நோட்டுப் புத்தகத்திடம் மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு வந்தாயிற்று. வேறு யாரிடம் கேட்பது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு. சேகரைப் பார்க்கும் பெரிய டாக்டர் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். குழந்தை டாக்டர் ஆகப் படிப்பவர்களுக்கு வியாழக்கிழமை பரீட்சையாம். எழுத்துப் பரீட்சை முடிந்துவிட்டது. இது நிஜக் குழந்தையைத் தொட்டுப் பார்த்து என்ன வியாதி என்று சொல்லும் பரீட்சை. அதற்குச் சேகர் வேண்டும். பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சின்னக் குழாய் அவனுக்கு இதயத்தின் பக்கத்தில் இன்னும் திறந்தே இருக்கிறது. அந்தச் சத்தம், புத்தகத்தில் எழுதியிருப்பதுபோல் அவ்வளவு சுத்தமாகக் கேட்கிறதாம். பெருமைப்படுவதா, அழுவதா.

பரீட்சை வைக்க வருகிறவர்களில் ஒருவர் இதய சர்ஜன். அன்றைக்கே பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி சொல்லிவிடுவார் என்று எழுதியிருக்கிறார். எட்டு மாதமாகக் காத்திருக்கும் தேதி. போகாமல் எப்படி.

நிபந்தனை: வியாதியின் பெயரை வாய் தவறியும் சொல்லக் கூடாது. மற்றபடி எது கேட்டாலும் உள்ளது உள்ளபடி.

மாமியாரிடம் சொன்னேன்.

“கொழந்தைய தூக்கிக்கினு போயி எக்ஸிபிஷன்ல வக்கப் போறியா?”

“தேதி குடுப்பாங்க அத்தை.”

“குடுப்பாங்க, குடுப்பாங்க. பி.ஏ. படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

பிலாய் உருக்காலையிலிருந்து அவர் கடிதம் வந்து ஐந்து வாரம்.

4-8-70, செவ்வாய்

காலையில் தூறல். கொடியில் துணி எல்லாம் ஈரம். ரவை தீர்ந்தது.

டாக்டர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்து எழுதி வைத்தேன். பி.ஏ.க்குக்கூட இப்படிப் படித்ததில்லை.

பிறந்த எடை – 4 ராத்தல். கொஞ்சம் குறைவு.
கழுத்து நின்றது – 6 மா.
உட்கார்ந்தது – 11 மா.
நடை – 1 வ. 10 மா.
சளி, ஜுரம் – கணக்கே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தது 3 தடவை.
பேச்சு –

அங்கே பேனா நின்றது. இரண்டு வயது நான்கு மாதம். அம்மா என்றுகூட இல்லை. ‘அ... அ...’ மட்டும். “அவங்கப்பனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்” என்பது மாமியார். சுவருக்கு அந்தப் பக்கம் தறி போட்டிருக்கும் ராஜம்மா சொல்வது வேறு: “உன் புள்ள தங்கம்மா. நாங்க ரெண்டு தறி போட்டு அடிக்கிறோம், அது பாட்டுக்குத் தூங்கிக்கினு இருக்குது. எங்கூட்டுது தறியில ஒரு நாடா ஓடற சத்தத்துக்கே எழுந்து உக்காந்துக்குது.”

‘பேச்சு – தாமதம்’ என்று எழுதினேன்.

கடைசி வரி, கர்ப்ப காலம். ‘சாதாரணம்’ என்று எழுதிவிட்டேன்.

சாதாரணம் இல்லை. மூன்றாவது மாதம் லேசான ஜுரம், உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிப்பொரியாக. மூன்றே நாள், போய்விட்டது. அம்மா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். “ஆத்தா வந்துட்டுப் போனத டாக்டர்கிட்ட போயி சொல்லாதே. மருந்து கேட்ட மாதிரி ஆயிடும். அவளுக்குக் கோபம் வந்தா யாரு தாங்கறது?” என்று மாமியார். நானும் சொல்லவில்லை. எந்த டாக்டரிடமும், இதுவரை. எனக்கு அதில் நம்பிக்கையா என்றால், தெரியாது. பயம் இருந்தது.

5-8-70, புதன்

தபால்காரர் இந்தத் தெருவுக்கே வரவில்லை.

எடுத்துப் போக: இரண்டு சட்டை, ஜட்டி 4, பால் பாட்டில், வெந்நீர் பிளாஸ்க், பிஸ்கோத்து, கார்டு, இந்த நோட்டு. காலை நாலரை பஸ். மாமியாருக்கு முழங்கால் வலி, வரவில்லை. ராஜம்மா வருகிறேன் என்றாள். தறியில் புதுப் பாவு ஏற்றும் நாள், அவள் வீட்டுக்காரர் விடவில்லை. நானும் சேகரும் மட்டும்.

6-8-70, வியாழன்

பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். அப்புறம் தூங்கினான்.

நீளமான வார்டு, ஆறு கட்டில், கட்டில் காலில் நம்பர் அட்டை. எங்களுக்கு ஆறு. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு டாக்டர், ஒரு மணி நேரம். எங்களுக்கு வந்தது ஒரு பெண். என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். தடித்த கண்ணாடி, புது வாயில் புடவை, பின் குத்திய இடம் கிழிந்திருந்தது. சேகரைத் தொடுமுன் ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினாள். அதற்கே எனக்குப் பிடித்துவிட்டது.

“டாக்டருங்க என்ன வியாதின்னு சொல்லியிருக்காங்கம்மா?”

“சொல்லக் கூடாதுன்னாங்க.”

“கேட்டுப் பார்த்தேன்” என்று சிரித்தாள். “எனக்கு இது ரெண்டாவது அட்டெம்ப்ட்.”

பிறகு கேட்கத் தொடங்கினாள். எத்தனாவது பிரசவம், வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, எத்தனை மணி நேரம் வலி. “அப்ப நீங்க சரியா சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா? யாரு கூட இருந்தாங்க?” கல்யாணமாகி நாலு வருஷத்தில் என்னிடம் இதெல்லாம் கேட்டவர் ஒருவரும் இல்லை. மார்க்குக்காகத்தான் கேட்கிறாள், தெரியும். ஆனாலும் அவள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

“முதல் மூணு மாசத்துல ஜுரம்? உடம்புல ஏதாவது சிவப்பா?”

“இல்லை.”

‘நோ’ என்று எழுதினாள். அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன பொய்யால் இவள் மூன்றாம் தடவை எழுத வேண்டி வருமோ. பெரிய டாக்டரிடம் இரண்டு வருஷம் மறைத்தபோது வராத பயம் இப்போது வந்தது.

“டாக்டர், இருங்க. அதை அடிச்சிடுங்க.”

எல்லாம் சொன்னேன். அம்மா வந்தது, வேப்பிலை, மூன்று நாள். அவள் எழுதாமல் கேட்டாள். எழுந்து போய் நர்ஸிடமிருந்து சாவிக்கொத்து வாங்கிவந்தாள். என் கழுத்துச் சங்கிலியோடு விளையாடிக்கொண்டிருந்தான் சேகர். அவன் முதுகுக்குப் பின்னால் ஆட்டினாள். திரும்பவில்லை. இன்னும் பக்கத்தில். திரும்பவில்லை. டம்ளரில் ஸ்பூனால் தட்டினாள். அடுத்த கட்டில் குழந்தை திரும்பிப் பார்த்தது. இவன் சங்கிலியை வாயில் வைத்துக்கொண்டான்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மணி அடித்தார்கள்.

பரீட்சை வைக்கிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள். இங்கிலீஷில் சொன்னாள், எனக்குப் புரியாது என்று நினைத்து. இதயக் குழாய், சரியாகச் சொன்னாள். தாய்க்கு மூன்றாம் மாதம் வந்த அம்மைதான் காரணமாக இருக்கலாம் என்றாள். குழந்தைக்குக் காதும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன் சார், என்றாள். வயதானவர் சங்கிலியை இவன் கையிலிருந்து மெல்ல விடுவித்து, தாமே ஒருமுறை கைதட்டிப் பார்த்தார். “ஏம்மா இவ்வளவு நாள் சொல்லலை?” அதட்டவில்லை. நான் சேகரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

போகும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். “நான் பாஸ் பண்ணிடுவேன்னு நெனைக்கிறேன்” என்றாள். உடனே, “ஸாரிம்மா” என்றாள். பெயர் கேட்க மறந்தேன்.

சர்ஜன் தேதி சொன்னார்: 24, திங்கள். அதற்கு முன் காது டாக்டர். தகப்பனார் கையெழுத்து கட்டாயம்.

7-8-70, வெள்ளி

நல்ல வெயில். தெருக்கோடியில் கூழ் ஊற்றுகிறார்கள், மைக்செட் அலறுகிறது. சேகர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எறும்பைப் பார்க்கிறான்.

மாமியாரிடம் சொன்னேன்.

“காது கேக்குதுடி. நேத்திக்கு முந்தா நாள் கூப்ட்டேன், திரும்பிப் பாத்தானே?”

“உங்க நிழலைப் பாத்தான் அத்தை.”

“டேய் சேகரு!” அவன் முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டார்கள். அப்புறம் இன்னும் உரக்க. நாலாவது தடவை குரல் உடைந்தது. உள்ளே போய்விட்டார்கள். மத்தியானம் சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

எனக்கு ஒன்றுதான் திரும்பத் திரும்ப. இந்த வீட்டுக்கு வந்து நான் மனம் விட்டுப் பேசியது அவனிடம்தான். மடியில் போட்டுக்கொண்டு, கல்லூரி, ஹாஸ்டல், அவங்கப்பா மேல் கோபம், எல்லாம். கண் கொட்டாமல் என் வாயையே பார்ப்பான். எவ்வளவு கவனமாய்க் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு எழுதிவிட்டேன். நாலு கிழித்து ஐந்தாவது. நகல்:

‘சேகருக்கு 24ஆம் தேதி ஆபரேஷன். உங்கள் கையெழுத்து வேண்டும். தபாலில் அனுப்பினாலும் ஒப்புக்கொள்வார்கள், கேட்டுவிட்டேன். ஆனால் நீங்கள் வர வேண்டும். அவனுக்குக் காது கேட்கவில்லை. எனக்கு அம்மை வந்ததை நான் டாக்டர்களிடம் மறைத்தேன். அத்தையைக் கோபிக்க வேண்டாம், வாய் என்னுடையது. முன்பே சொல்லியிருந்தாலும் காது கேட்டிருக்காது என்கிறார்கள், முன்பே தெரிந்திருக்கும், அவ்வளவுதான். லீவு கிடைக்குமா, கிடைக்காதா, ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடுங்கள்.’