சாவி உன்கிட்டயே இருக்கட்டும்

அன்பு மகள் எறும்புக்கு,

அப்பா எழுதுறேன். இங்க நானும் உங்க அம்மாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கிற ஆளும் அதே மாதிரி இருக்கணும்ங்கிறதுதான் காலையில கண்ணு முழிச்சதும் எனக்கு வர்ற முதல் நினைப்பு. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதுக்குக் கடுதாசி எழுதுறாருன்னு நீ நினைக்கலாம். போன்ல நமக்குள்ள என்ன பேச்சு நடக்குதுன்னு உனக்கே தெரியும், சாப்பிட்டியாம்மான்னு நான் கேப்பேன், சாப்பிட்டேன்பான்னு நீ சொல்லுவ, இரு அம்மாகிட்ட குடுக்கிறேன்னு நானே கை மாத்தி விட்டுருவேன். மூணு வருஷமா இதே கதைதான். சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு, அது போன்ல வர மாட்டேங்குது. அதனால இன்னைக்குக் காலையில காப்பி குடிச்ச கையோட நோட்டுல ரெண்டு தாளைக் கிழிச்சு எடுத்துட்டு உக்காந்துட்டேன்.

உங்க அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்ப தேவலை, வாய் மட்டும் அப்படியேதான் இருக்கு. ரெண்டு மாசமா நான் வாங்கிக் குவிக்கிறதைப் பாத்துட்டு ஏதாவது போர் வரப்போகுதான்னு கேக்கிறா. அரிசி ரெண்டு மூட்டை, எண்ணெய், சர்க்கரை, துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கிற நாரு, தரை துடைக்கிற மருந்து, பல்பு நாலு, தீப்பெட்டி ஒரு பண்டல், மூடி போட்ட தண்ணி டிரம், துணி காயப்போட புதுக் கொடி, கிளிப்பு, எல்லாம் வந்தாச்சு, ரெண்டாவது சிலிண்டரும் ரொப்பி வெச்சாச்சு. குழந்தை வந்த வீட்டுல அது இல்ல இது இல்லன்னு யாரும் கடைக்கு ஓடக் கூடாது. பஸ் டிப்போவுல முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பரா இருந்தவன் நான், சாமான் இல்லன்னு ஒரு வண்டியை ஒரு நாள் நிறுத்தினது கிடையாது, அந்தப் புத்தி எங்க போகும். எல்லாத்துலயும் வாங்கின தேதியை எழுதி ஒட்டி, பழசு முன்னாடி புதுசு பின்னாடின்னு அடுக்கி வெச்சிருக்கேன். உங்க அம்மா என்னைக் கடுப்பேத்தணும்னே பின்னாடி கையை விட்டுப் புதுசைத்தான் எடுக்கிறா. ஆனா குழந்தைக்குன்னு ஒரு ஊக்கு கூட நான் வாங்கல. பிறக்கிற வரைக்கும் யாரும் எதுவும் வாங்கக் கூடாதுன்னு நீ சொன்னதா அம்மா சொன்னா, அதை நான் மீறல. ஒரே ஒரு தடவை கடையில குழந்தை சோப்பு ஒண்ணைக் கையில எடுத்து மோந்து பாத்துட்டேன், போட்டுறட்டுமா சார்னு கடைக்காரர் கேட்டதும் பதறிப்போய், வேண்டாம், எலி மருந்து இருந்தா குடுங்கன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லி அதை வாங்கிட்டு வந்தேன். நம்ம வீட்டுல எலியே கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை நீ பேசி முடிச்சதும் உங்க அம்மா போனை வெச்சுட்டு ரொம்ப நேரம் அடுப்பையே துடைச்சிட்டு இருந்தா. என்னன்னு கேட்டா, அவ இங்க வரலையாம், பிரசவத்தை அங்கேயே பாத்துக்கிறாளாம்னு சொன்னா. பிரயாணம் ஒத்துக்காது, டாக்டர் வேண்டாம்னுட்டார்னு முதல்ல ஏதேதோ சொன்னா. நான் விடாம நச்சரிச்சதும், அவளோட பழைய ரூமுக்குள்ள அவளால திரும்ப நுழைய முடியாதாம், போதுமா உங்களுக்குன்னு கத்திட்டு உள்ள போயிட்டா. நான் வாங்கி வெச்ச மூட்டைக்கு நடுவுல அப்படியே நின்னேன். அந்த ரூம்ல உன்னைப் பயமுறுத்துறது எதுன்னு எனக்குத் தெரியும். அது நான் பண்ணின வேலை.

அதைப் பத்தித்தான் எழுதப் போறேன், பாதியில நிறுத்தணும்னு தோணினா நிறுத்திட்டு அப்புறமா படி, அவசரம் இல்ல. அந்தத் தடவை, முதல் பிரசவத்துக்கு நீ இங்க வந்திருந்தப்ப, நீயும் அம்மாவும் சேர்ந்து உன் ரூம் பீரோவை ரொப்பி வெச்சிருந்தீங்க. குழந்தைக்கு விரிக்கிற துணி மட்டும் பன்னெண்டு, பழைய பருத்தி விரிப்பைக் கிழிச்சு நீயே உக்காந்து ஓரம் அடிச்ச, பாதியில வெள்ளை நூல் தீந்துபோய் மீதிக்கு நீல நூல் போட்ட. பையன் பிறந்து ஒரு நாள்தான் இருந்தான். தனி வார்டுல வெச்சிருந்தாங்க, பொம்பளைங்களை மட்டும்தான் உள்ள விட்டாங்க, நான் அவனைப் பாக்கல. மறுநாள் காலையில உனக்கு மாத்துத் துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்திருந்தப்ப உங்க அம்மா ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணி, போயிட்டான், சீக்கிரம் வந்து ஒரு தடவை முகத்தைப் பாத்துருங்கன்னா. வர்றேன்னு சொன்னேன். உன் துணியை எடுக்கத்தான் பீரோவைத் திறந்தேன், எல்லாம் அடுக்கி வெச்சது வெச்சபடி இருந்துச்சு. டிப்போவுல ஒரு வண்டி இனி ஓடாதுன்னு எழுதிட்டாங்கன்னா அதுக்குன்னு எடுத்து வெச்ச சாமானை அன்னைக்கே ராக்கை விட்டு இறக்கிரணும், அடுத்த நாள் வரைக்கும் வெச்சா மேலதிகாரி கேப்பார். அந்தப் புத்திதான் எனக்கு வந்துச்சு. நீ திரும்பி வர்றப்ப உன் கண்ணுல எதுவும் படக் கூடாது, அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள. துணி, சோப்பு, பவுடர், தொட்டில் கயிறு, எல்லாத்தையும் மூட்டை கட்டி, எதிர் வரிசை ஆட்டோக்காரர் வீட்டுல அப்பத்தான் குழந்தை பிறந்திருந்துச்சு, அவர் ஆட்டோவுல ஏத்தி விட்டேன். அப்புறம் பீரோவை ஈரத்துணி போட்டுத் தட்டுத் தட்டா துடைச்சேன். துடைச்சு முடிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப மத்தியானம் தாண்டிருச்சு. அவனைக் கொண்டுபோயிட்டாங்க.

பஸ் வரலன்னு சொன்னேன் உங்க எல்லார்கிட்டயும். வாழ்நாள் பூரா பஸ்ஸை ஓட வெச்சவன், பஸ் மேல பழியைப் போட்டேன். பஸ் வந்துச்சும்மா, ஒண்ணு இல்ல, நாலு போச்சு, ஜன்னல் வழியா சத்தம் கேட்டுது. நான்தான் துடைச்சிட்டு இருந்தேன். இப்ப யோசிச்சா, உனக்காகத்தான் பண்ணினேன்னு சொல்றது கூட முழுசா உண்மை இல்ல, எனக்கு அந்த முகத்தைப் பாக்கப் பயமா இருந்துச்சு, கைக்கு ஒரு வேலை கிடைச்சதும் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். நாலாம் நாள் நீ வந்து பீரோவைத் திறந்து பாத்துட்டு, அந்தத் துணியெல்லாம் எங்கப்பான்னு கேட்ட. எல்லாம் ஒழுங்கு பண்ணிட்டேன்மான்னு பெருமையா சொன்னேன். நீ வெறும் தட்டு மேல கையை வெச்சுட்டு நின்ன. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அப்படி ஒருத்தன் பிறந்தான்னு சொல்றதுக்கு உன் கையில ஒரு துணி கூட நான் மிச்சம் வெக்கலங்கிறது எனக்கு உறைக்கவே ஒரு வருஷம் ஆச்சு, அதுக்குள்ள நீ அவ்வளவு தூரம் போயிட்ட.

நீ வரலன்னு தெரிஞ்சதும் வியாழக்கிழமை ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் பொண்ணு இப்ப தெருவுல மூணு சக்கர சைக்கிள் விடுது, இத்தனை நாள் அதைக் கண்டா நான் தலையைக் குனிஞ்சுட்டு எதிர்ப்பக்கம் போயிருவேன். அந்தப் பழைய துணியில ஏதாவது இருக்கான்னு கேட்டேன். அவர் வீட்டம்மாவுக்குச் சங்கடமாப் போச்சு, எல்லாம் கிழிஞ்சு போச்சுங்களேன்னாங்க. திரும்பி வர்றப்ப வாசல்ல நின்ன ஆட்டோவைப் பாத்தா, ஸ்டியரிங் பக்கத்துல ஒரு துணி சொருகியிருக்கு, கண்ணாடி துடைக்கிறதாம். ஓரத்துல நீல நூல். அழுக்குத் துணி சார், வேற நல்ல துணி தர்றேன்னார் ஆட்டோக்காரர். அதேதான் வேணும்னு வாங்கிட்டு வந்தேன். உங்க அம்மா பாத்ததும் கண்டுபிடிச்சுட்டா. பஸ் விஷயம் அவளுக்கே தெரியாது, அப்பத்தான் சொன்னேன். துணியை என் கையில இருந்து பிடுங்கிட்டுப் போய் மூணு தடவை துவைச்சா, எண்ணெய்க் கறை போகல. காஞ்சதும் மடிச்சு உன் பீரோ நடுத்தட்டுல வெச்சா. வெச்சுட்டு வந்து, இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், அவளுக்கு எழுதுங்கன்னா. எழுதிட்டேன்.

இந்தக் கடுதாசியோட ஒரு அட்டைத் துண்டுல ஒட்டி வெச்சிருக்கிறது அந்த பீரோ சாவி. உள்ள அந்த ஒரு துணி மட்டும்தான் இருக்கு, பூட்டிட்டேன், வேற சாவி கிடையாது. கையெழுத்து வாங்காம ஸ்டோர் சாவியை நான் யார்கிட்டயும் குடுத்ததில்ல, உன்கிட்ட ஒண்ணும் கேக்கல. இனி அதுக்குள்ள ஒண்ணை வெக்கிறதும் எடுக்கிறதும் நீதான், எது நடந்தாலும் நான் தொட மாட்டேன். நீ இங்க வந்துதான் ஆகணும்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. வந்தா வீட்டுல ஒரு குறையும் இருக்காது. வரலன்னா உங்க அம்மாவை அங்க அனுப்பி வெக்கிறேன், அவ பையை இப்பவே கட்டி வெச்சுட்டா, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருக்கா. ரெண்டு மூட்டை அரிசி, நான் ஒருத்தன் ஒரு வருஷம் சாப்பிடலாம்.

ஏழாம் மாசம், பக்கெட்டுத் தண்ணியைத் தூக்காத. மாப்பிள்ளையைத் தூக்கச் சொல்லு, அவர் ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்டார். இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கல் பண்ணுதுன்னு பாதியில விட்டுறாத, தண்ணி நிறைய குடி. குளியலறை வாசல்ல மிதியடி வழுக்குறதா இருந்தா மாத்து. நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாம நல்லபடியா பிரிஞ்சு ரெண்டு உசுரா இருக்கணும், நெடுங்காலம் இருக்கணும், அதுக்கு மேல இந்தக் கிழவனுக்கு வேற வேண்டுதல் இல்ல.

பதில் எழுதணும்னு கட்டாயம் இல்ல. மனசு ஒத்துக்கிட்டா மட்டும் ஒரே ஒரு வரி எழுது. அவன் யாரு ஜாடைம்மா? மூணு வருஷமா யார்கிட்டயும் கேக்க எனக்கு முகம் இல்ல.

என்றும் உன் நினைப்புல இருக்கும்
அப்பா