பம்ப்புக்குப் பொட்டு

12 செப்டம்பர் 2025, வெள்ளி

மறுபடியும் காற்றுக்குமிழி. ஆய்வகத்துக் கண்ணாடிச் சிப்பில் இருக்கும் முடி அகல வாய்க்காலில் ஒன்று நுழைந்தால் போதும், உள்ளே வளரும் பாசியை எல்லாம் வாரிக்கொண்டு போய்விடுகிறது. பட்டினி போட்டால்தான் பாசி எண்ணெய் சேர்க்கும். அதற்கு நைட்ரஜன் கலந்த நீரை நிறுத்தி, அது இல்லாத நீரைப் பாய்ச்ச வேண்டும். குழாயைக் கழற்றி மாட்டுகிறேன், குமிழி வருகிறது. இதே கதை.

என் ஆய்வு வழிகாட்டி மணிவண்ணன் சார் சிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அக்டோபர் முடியறதுக்குள்ள எண்ணெயக் காட்டும்மா. இல்லன்னா உங்க ஊருப் பாசிய வுட்டுட்டு, வாங்கி வெச்சிருக்கற பாசிக்கு மாறிடு." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

14 செப்டம்பர், ஞாயிறு, ஏம்பலம்

அப்பா மோட்டார் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் பாசி பிறந்த இடம் அதுதான்.

"நான் வழிச்சுத் தூக்கிப் போடறத நீ கண்ணாடில வெச்சு சோறு போடுற. இதுக்காடி இவ்ளோ படிப்பு?"

"அதுல டீசல் எடுக்கறேன் பாரு."

"எடு, எடு. மொதல்ல நம்ம டிராக்டருக்கு ஊத்து."

சிரித்தேன். ஆனால் விடப்போவதில்லை. சித்திரை வெயிலில் கைவைக்க முடியாத தண்ணீரிலும் பிழைத்த பாசி இது. காசு கொடுத்து வாங்கியது எதுவும் எனக்கு வேண்டாம்.

30 செப்டம்பர், செவ்வாய்

புது சிப்பில் பாசி பச்சைப்பசேல் என்று நிற்கிறது. குழாயைத் தொடவே பயம். காய்ந்துவிடாமல் ஈரப்பஞ்சு போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்து, பம்ப்பையும் விளக்கையும் ஓடவிட்டுச் சீக்கிரமே கிளம்பினேன். வீட்டிலும் பூசை வேலை இருக்கிறது. ஆய்வகத்து ஆயுத பூசைக்குக் கூடப் படிக்கும் பிரவீணா பொறுப்பு. அவள் அப்பாவுக்கு வில்லியனூரில் ஹார்டுவேர் கடை, பொரிகடலைக்குப் பஞ்சமிருக்காது.

3 அக்டோபர், வெள்ளி

பம்ப் நின்றிருக்கிறது! மேலே சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ வேறு!

"இன்னாடி பண்ணி வெச்சிருக்கே?"

"ஆயுத பூசைடி செல்வா. எங்க கடைல தராசக்கூடத் தொட மாட்டோம். மிஷினுக்கும் ரெஸ்ட் வேணும்ல? முந்தாநாள் நைட் நிறுத்தனேன், இன்னிக்குப் போடலாம்னு."

"அப்ப வெளக்கு மட்டும் எதுக்கு எரியுது?"

"பூசையன்னிக்கு வெளக்க அணைப்பாங்களா?"

வாய்க்கு வந்ததைக் கொட்டினேன். இது உங்கப்பன் கடை இல்ல என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. எதையும் தொடாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுகை. போச்சு — எல்லாம் போச்சு.

5 அக்டோபர், ஞாயிறு

பிரவீணாவிடம் ஏன் அப்படிப் பேசினேன்?

6 அக்டோபர், திங்கள்

பம்ப் அப்படியே நின்றிருந்தது, விளக்கு மட்டும் எரிந்தது. சிப்பைக் கழுவத்தான் எடுத்தேன். கடைசியாக ஒருமுறை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். பாசி சாகவில்லை! பச்சை வெளிறி, ஒவ்வொன்றும் உப்பி நின்றது. இனி போனால்தான் என்ன என்று, எண்ணெயில் மட்டும் ஒளிரும் சாயத்தை மெல்ல விட்டேன். மஞ்சள் மஞ்சளாய்ப் புள்ளிகள். ஐயோ, எத்தனை!

பம்ப் நின்றதும் புது நீர் வரவில்லை. இருந்த நைட்ரஜனைத் தின்று தீர்த்துவிட்டுத் தானே பட்டினி கிடந்திருக்கிறது. விளக்கு எரிந்ததால் எண்ணெய் சேர்த்திருக்கிறது. குழாயை யாரும் கழற்றவில்லை, குமிழியும் இல்லை. இது எனக்கு ஏன் தோன்றவில்லை? நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான்.

பிரவீணா இன்று வரவில்லை. நேரே கடைக்குப் போனேன். கல்லாவில் அவள் அப்பா, பக்கத்தில் அவள். அவர் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டேன், விஷயத்தையும் சொன்னேன்.

"வெளக்கையும் அணைச்சிருந்தா?"

"செத்திருக்கும்டி."

"அப்ப எங்கப்பன் கடைப் பழக்கம்தான் காப்பாத்திச்சு, இல்ல? அவரு கேட்டுக்கினுதான் இருக்காரு."

அவர் டீ வரவழைத்தார்.

24 அக்டோபர், வெள்ளி

இந்த முறை நாங்களே பம்ப்பை நிறுத்தினோம். மூன்று சிப்பிலும் மஞ்சள் ஒளி. மணிவண்ணன் சார் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "உங்க ஊருப் பாசியே இருக்கட்டும்மா." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

26 அக்டோபர், ஞாயிறு, ஏம்பலம்

தொட்டி பளிச்சென்று இருக்கிறது. ஒரு மூலை மட்டும் பச்சை. கேட்டதற்கு, "அது உன்னுது, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா மோட்டார் போடப் போய்விட்டார்.

10 நவம்பர், திங்கள்

புது சிப்புகள் தயார். இன்று பம்ப்பை நிறுத்தும் நாள். மழை, பிரவீணாவின் பஸ் தாமதம். சுவிட்சைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். குங்குமம் அவள் பையில்தான் இருக்கிறது.