மூன்று மணித் தண்ணீர்

சிவமயம்
காரைக்குடி

அன்பு மகன் ஹரீஷுக்கு ஆத்தா எழுதுவது. முழங்கால் வலி தவிர எனக்கு வேறொரு குறையும் இல்லை, நீயும் சுபாவும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் தொண்டையைச் செருமினாலே டாக்டரைப் பார்த்தியா என்று ஆரம்பித்துவிடுவாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். உன்னைப் பெற்ற அப்பச்சி வைத்துவிட்டுப் போன சக்குலண்ட் செடியெல்லாம் எப்படி இருக்கிறது என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் அனுப்பினது பழைய போட்டோ. செடி எல்லாம் அழுகிப் போச்சுதப்பா. டயாலிசிஸ் ஆரம்பித்து வெளியே போக முடியாமல் ஆனபிறகு அப்பச்சி வீடியோ பார்த்துப் பார்த்து அந்த வித்தையைப் படித்தார்களே, தடித்த இலையை முழுசாகத் திருகி எடுத்து, பிய்ந்த இடம் காய மூன்று நாள் நிழலில் போட்டு, பிறகு மணல் கலந்த மண்ணின்மேல் சும்மா படுக்க வைப்பது. வேர் விடுகிறவரை சொட்டுத் தண்ணீர் காட்டாதே என்பார்கள். முற்றத்து ஓரம் நாலு ட்ரே நிறைய இலை, ஒவ்வொன்றிலும் மிளகளவு குட்டி. நான்தான் ஊற்றி ஊற்றிக் கொன்றேன்.

பக்கத்து வீட்டு யோகலட்சுமி பார்த்துவிட்டு, ஏன் ஆச்சி, வயித்துக்குள்ளயே தண்ணிய வச்சிருக்குற செடியாச்சே, இதுக்குப் போயி இப்புடி ஊத்துறீகளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பச்சியைப் பார்த்த டாக்டரும் இதையேதான் சொன்னார், உடம்புக்குள்ளயே தண்ணி நிக்குது, மேற்கொண்டு குடுத்தா ஆபத்து என்று. நீயும் தினமும் அளவு தாண்டிரக் கூடாது ஆத்தா என்பாய். பாட்டிலில் என் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, அந்த அளவுக்குத்தான் கொடுத்தேன்.

அப்பச்சி தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அதுவும் பொய். அன்று மதியம் மூன்று மணிக்கு முழித்துத்தான் இருந்தார்கள். எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் சட்டத்தில் டொக் டொக்கென்று தட்டி, சிகப்பி, ஒரே ஒரு மடக்குக் குடுடி என்றார்கள். சித்த பொறுங்க, நாலு மணிக்குத் தாரேன், இப்பத்தான குடிச்சீக என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மூன்றேகால். டம்ளர் கையிலேயே இருந்தது. தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காதவ என்று தெருவில் யாரையாவது யாராவது ஏசினால்கூட எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிடுகிறேன்.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு அந்தச் சத்தம் கேட்கிறது ஹரீஷ். டிவியைச் சத்தமாக வைத்தும் பார்த்துவிட்டேன். கேட்டதும் கை தானாகச் செம்பை எடுக்கும், எங்கே கொண்டுபோய் ஊற்றுவது, அவர்கள் கைபட்டு மிச்சம் இருந்தது அந்த இலைகள்தானே. ஒரே ஒரு குட்டிதான் தப்பியது. அதுவாவது பிழைக்கட்டும் என்று போன வாரம் யோகலட்சுமியிடம் கொடுத்துவிட்டேன். இப்போது ஊற்ற இடமில்லை. நேற்று செம்பு நிறைய மோந்து நானே குடித்தேன். சத்தம் நிற்கவில்லை.

உன்மேல் பழி போட எழுதவில்லை ராசா. டாக்டர் சொன்னதும் சரி, நீ சொன்னதும் சரி, நான் செய்ததும் சரிதான். ஆத்தாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும் பயப்படாதே, குழம்புக்கு உப்புப் புளி எல்லாம் சரியாகத்தான் போடுகிறேன்.

நீயும் சுபாவும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், நகரச் சிவன் துணை. ஒன்று மட்டும் மறக்காதே. வருஷத் திதிக்கு வரும்போது, வந்த அன்றைக்கே மதியம் எங்கும் போகாமல் மூன்று மணிக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திரு. உனக்கும் கேட்டால் சொல்லு. கேட்காவிட்டாலும், கேக்குது ஆத்தா என்று ஒரு தடவை சொல்லிவிடு.

உன் ஆத்தா
சிகப்பி