ஏற்றத்தில் கதை கிடையாது

மைனா,

நேற்று உன் மழைக் கோட்டைத் தோய்க்க எடுத்தேன். பையைத் திருப்பி உதறியபோது இரண்டு கராம்பு தரையில் விழுந்தன. ஒன்றின் தலை உடைந்திருந்தது. பொறுக்கியெடுத்ததும் வந்த வாசத்தில், வீட்டுக்குள் நின்றவளுக்கு நாங்கள் சேர்ந்து ஏறிய புல்மேட்டின் பாதி ஏற்றத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. கோட்டைத் தோய்க்கவில்லை. ஒரு கராம்பை வாயில் ஒதுக்கி, கோட்டை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டேன்.

நீ அதைக் கிராம்பு என்பாய். நான் கராம்பு என்பேன். "எந்தப் பேர் சொன்னாலும் ஒரே காரம்தான்க்கா, வாயில போடுங்க" என்று மேட்டின் அடியில் வைத்து ஒன்று தருவாய். வாய் காயாமல் இருக்குமாம்.

நீ இருக்கும்வரை உன்னை நான் நீர் என்றுதான் சொன்னேன். அது உனக்குப் பெரிய பகிடி. "ராஜா காலத்து நாடகத்துல பேசுற மாதிரி இருக்குக்கா" என்பாய். இப்போது எழுத உட்கார்ந்தால் நீ என்றுதான் வருகிறது. சாமியையும் நீ என்றுதானே கூப்பிடுகிறோம்.

மைனா என்று பெயர் வைத்தவளும் நான்தான். இந்த ஒக்லாந்தில் எந்தப் புல்தரையைப் பார்த்தாலும் மைனா நிற்கும். நம்முடைய பக்கத்துப் பறவை, ஒருவரையும் கேட்காமல் இங்கே குடியேறி, நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டு திரிகிறது. நீயும் அதுவும் ஒன்று என்று சொன்னபோது உனக்குக் கோபம் வரவில்லை. "நானாச்சும் விசா வாங்கிட்டு வந்தேன்" என்றாய்.

தொண்ணூற்றாறில் நாங்கள் ஒடாஹுஹுவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே எனக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். டொக்டர் சொன்னதை என் மகள்தான் தமிழில் சொன்னாள். மாத்திரை போட வேண்டும், ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும், குளிர்காலம் முடிய இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், குறையாவிட்டால் ஊசி. ஊசியின் குத்துக்கு நான் பயப்படவில்லை. என் அம்மாவுக்கும் மாத்திரையில் தொடங்கி, ஊசிக்குப் போய், கடைசியில் வலது காலை முழங்காலோடு எடுத்தார்கள். நானோ பென்ரோஸில் ஒரு துணி தோய்க்கிற தொழிற்சாலையில் நின்றபடி விரிப்பு மடிக்கிறவள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் கால்தான் படிப்பு. அது போனால் இந்த நாட்டில் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

நடப்பதற்கு யார் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு, கடைத்தெரு வரைக்கும் போவேன். போனவள் வெறுங்கையோடு வந்தால் சனம் என்ன நினைக்கும்? இந்தியக் கடையில் ஒரு பொட்டலம் மிக்ஸர், சில நாள் இரண்டு லட்டு. நடந்து போய் வாங்கினால் உடம்பில் ஒட்டாது என்பது என் கணக்கு. வருகிற வழியிலேயே பாதி முடிந்துவிடும். கிளினிக்கில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். குறைய வேண்டிய சீனி கூடியிருந்தது.

எங்கள் வீதியின் முனை வீட்டுக்கு நீயும் உன் வீட்டுக்காரரும் அப்போதுதான் வந்திருந்தீர்கள். உங்கள் வாசல் படலையில் நின்று என்னை மறித்தாய்.

"தினமும் இந்த நேரத்துக்கு எங்கக்கா போயிட்டு வர்றீங்க?"

"நடக்கப் போறனான் பிள்ளை. டொக்டர் சொன்னவர்."

"போகும்போது பை காலியா ஆடுது. வரும்போது ஆடலையே?"

உள்ளே இருந்த பொட்டலம்தான் எனக்காகச் சரசரத்தது.

"இது நடையில்லக்கா. மிக்ஸருக்கு ஊர்வலம்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் உன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மற்றப் பக்கத்தால் போனேன். மூன்றாம் நாள் நீயே என் வாசலில் வந்து நின்றாய், சீலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்தும் மேலே இந்த நீலக் கோட்டுமாய். பார்க்கக் கண் கொள்ளவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கி எங்கள் படலையில் கொழுவிவிட்டு, "இது இங்கயே இருக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. ரெண்டு கையும் சும்மா இருந்தாத்தான் வீச முடியும்" என்றாய்.

அது உனக்குச் சின்னக் காரியம். எனக்கு முதல் நாள் முழுக்க எதையோ எங்கேயோ தவறவிட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட நாளிலும் ஒரு பையோடுதான் நடந்தேன், மைனா. அதற்குப் பிறகு வெறுங்கையோடு நான் வீதியில் இறங்கியதேயில்லை. இதை உனக்கு எப்போதோ ஒரு நாள் மேட்டின் மேல் வைத்துச் சொன்னேன். நீ அன்று பகிடி விடவில்லை. திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். இரண்டு பேரின் கையும் அன்று வீசவில்லை.

உனக்கும் நடை மருந்துதான். "நெஞ்சுல ஒரு சின்ன ரிப்பேர்க்கா" என்பாய், பாத்திரத்தில் ஒரு நெளிவு என்கிற மாதிரி. நர்ஸ் உனக்குச் சொன்னதையெல்லாம் நீ எனக்குச் சொன்னாய். குனிந்து நிலத்தைப் பார்க்காமல் தூரத்து மரத்தைப் பார்த்து நடக்கச் சொன்னாய். கையை மடித்து வீசினால் கால் தானாய்ப் பின்னால் வரும் என்றாய். ஏற்றத்தில் எட்டு வைக்கிற தூரத்தைக் குறைக்கச் சொன்னாய். எல்லாவற்றிலும் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் அந்த நடை காணாது, இன்னும் வேகம் வேண்டும்.

அதைச் சோதிக்க நீ என்னைத் தேவாரம் பாடச் சொல்வாய். முதல் நாள் நான் ஒரு தேவாரத்தை முழுதாய்ப் பாடி முடித்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன், நல்லாயிருக்கு என்று சொல்வாய் என்று.

"நல்லா பாடுறீங்க. அதான் தப்பு. இன்னும் வேகமா நடங்க."

"சிவபெருமானை வைச்சோ மூச்சுப் பாக்கிறது? உமக்கென்ன விசரே?"

"அவரும்தான் மலையில இருக்கார். அவருக்குத் தெரியாத மூச்சா?"

வீதி முடிகிற இடத்தில் அந்தப் புல்மேடு. ஒரு காலத்தில் எரிமலையாம். மேலே நின்றால் ஒரு பக்கம் பென்ரோஸ் கூரைகள், மற்றப் பக்கம் சேறும் தண்ணீருமாய்க் கடல் உள்ளே வந்து போகிற இடம். சமதரையில் எவ்வளவு தூரம் போனாலும் வேர்க்காத எனக்கு அந்த மேட்டில் வேர்த்தது. ஒரு கிழமைக்குள் கெண்டைக்கால் உளைந்து, மழையும் சேர, நான் கட்டிலை விட்டு எழும்பவில்லை. நீ யன்னலுக்கு வெளியே குடையோடு நின்றாய்.

"எனக்கு ஏலாது. நீர் நடந்துபோட்டு வாரும்."

"சரி, தூங்குங்க. எங்க சித்தப்பா காணாமப் போன மாட்டைத் தேடிப் போயி மாப்பிள்ளையாத் திரும்பி வந்த கதையைச் சொல்லலாம்னு வந்தேன். பரவால்ல."

இப்படி ஒருத்தி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தால் யாரால் படுத்துக் கிடக்க முடியும்? சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். மேட்டின் அடி வரைக்கும் சித்தப்பா மாட்டைத் தேடினார். அடிக்கு வந்ததும் நீ கராம்பை நீட்டி, "ஏத்தத்துல கதை கிடையாது, மேல போய்த்தான் மீதி" என்று வாயை மூடிக்கொண்டாய். நான் உன்னை முந்திக்கொண்டு ஏறினேன். மேலே போய் மூச்சு வாங்க, "பேந்து என்ன நடந்தது?" என்று கேட்டால் கொஞ்சம் சொல்வாய். இறக்கத்தில் கொஞ்சம். சரியாய்ச் சித்தப்பா பெண் வீட்டுப் பந்தலுக்குள் கயிறோடு நுழைகிற நேரம் பார்த்து என் படலை வந்துவிடும்.

"சொல்லிப்போட்டுப் போமன்."

"நாளைக்குக்கா."

மறுநாள் விடிய உன் படலையில் நான் நின்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க உன் சித்தப்பாவோடுதான் நடந்தேன். வேறு ஆருடையதோ செத்த வீட்டுக்குள் தவறிப் போய், எல்லோரையும்விடச் சத்தமாய் அழுது, கடைசியில் கொள்ளிக்குடம் தூக்கப் பார்த்தவர் அவர். புறப்பட்ட ரயிலுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கேரியரோடு ஓடி, அடுத்த ஸ்டேஷனுக்கு ரயிலுக்கு முன்னமே போய்ச் சேர்ந்தவர். தோய்க்கிற இடத்தில் விரிப்பை மடித்துக்கொண்டு நான் தனியாய்ச் சிரிப்பேன். பக்கத்தில் நிற்கிற சமோவாக்காரி லூசி, "வாட்?" என்பாள். எனக்குச் சொல்ல இங்கிலீஷ் வராது.

குளிர் முடிய இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் தாளைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். ஊசி வேண்டாம், இப்படியே நடக்கட்டும் என்றார். மகள் என் பக்கம் திரும்பி, "வாட் டிட் யூ டூ, அம்மா?" என்று கேட்டாள்.

"மைனாவின்ர சித்தப்பாவைக் கேள்" என்றேன்.

அன்று உன் வீட்டில் சீனி போடாத தேத்தண்ணியைக் குடித்தோம். அதைப்போல ருசியாய் ஒரு தேத்தண்ணி நான் பிறகு குடிக்கவில்லை.

மழை விட்டு வெயில் வந்து, மேட்டை நாங்கள் இரண்டு தரம் ஏறி இறங்கத் தொடங்கிய நாட்களில்தான் நீ பாயாசக் கதையைத் தொடங்கினாய். உங்கள் சொந்தத்தில் ஒரு கலியாணமாம். முகூர்த்தம் முடிந்து இலை போடுகிற நேரம், பாயாச அண்டாவைக் காணவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய அண்டா, நிறையப் பாயாசத்தோடு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் சமையல்காரரைப் பார்க்கிறார்கள், சித்தப்பாவையும் காணவில்லை. சீனிக்காரியிடம் போய்ப் பாயாசக் கதை சொல்கிறாயே என்று ஏசினேன். "காதால குடிச்சா ஏறாதுக்கா" என்றாய்.

கடைசியாய் என் படலையில் நின்று சொன்னது இதுதான். "பெரியம்மா பின்பக்கம் போனாங்க. கிணத்தடியில வழி நெடுகப் பாயாசம் சிந்தியிருக்கு. அப்படியே கிணத்தைப் பிடிச்சுக்கிட்டு உள்ள எட்டிப் பார்த்தாங்க."

"என்ன கிடந்தது?"

நீ சிரித்தாய். கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, "நாளைக்குக்கா" என்று போய்விட்டாய்.

மறுநாள் விடிய நான் வந்தபோது உன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. நீ நித்திரையிலேயே போய்விட்டாய் என்றார்கள். அதைப்பற்றி நான் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியாதது அதில் ஒன்றுமில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் நான் நடக்கவில்லை. படலையில் பை மட்டும் தொங்கியது. ஒரு மாலை உன் வீட்டுக்காரர் இந்தக் கோட்டோடு வந்தார். "அவ உங்களோட நடக்கும்போது போட்டது. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். தேத்தண்ணி கொடுத்தேன். கேட்கலாமோ கூடாதோ என்று யோசித்து யோசித்துக் கடைசியில் கேட்டேன். அந்தக் கலியாணத்தில் அண்டாவுக்கு என்ன நடந்தது?

"எந்தக் கல்யாணம்மா?"

"மைனாவின்ர சித்தப்பாவும் பெரியம்மாவும் போன கலியாணம்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அவளுக்குச் சித்தப்பாவே கிடையாதேம்மா. பெரியம்மாவும் கிடையாது. எங்க மாமனாரும் ஒத்தைப் பிள்ளை, மாமியாரும் ஒத்தைப் பிள்ளை."

பிறகு அவராகவே சொன்னார். "காலையில காபி போடும்போது அடுப்புகிட்ட நின்னு தனியாச் சிரிப்பா. என்னடின்னு கேட்டா, யாழ்ப்பாணத்து அக்காவை இன்னிக்கு எப்படி மேல ஏத்துறதுன்னு யோசிக்கிறேங்கன்னு சொல்லுவா."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. மாடு தேடிய மனுசன், ரயிலோடு ஓடிய மனுசன், எல்லாம் என் காலுக்காக நீ பெற்றுப்போட்ட பிள்ளைகள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் விடிய நான் சப்பாத்தைப் போட்டேன்.

இப்போதும் நடக்கிறேன், மைனா. தூரத்து மரத்தைப் பார்க்கிறேன். ஏற்றத்தில் சின்ன எட்டு. தேவாரம் இரண்டாம் வரிக்குப் போனால் வேகத்தைக் கூட்டுகிறேன். சிவபெருமான் பொறுத்துக்கொள்கிறார். வழியில் கேட்க ஒன்றுமில்லாததால் அண்டாவுக்கு நானே முடிவு தேடுகிறேன். கிணற்றுக்குள் சித்தப்பா அண்டாவோடு மிதந்தார் என்று பார்த்தேன். பூதம் குடித்தது என்று பார்த்தேன். ஒன்றுக்கும் நீ சொல்கிற மாதிரிச் சிரிப்பு வரவில்லை.

போன கிழமை லூசி வேலைக்கு வந்து, விரிப்பை மடிக்காமல் நின்றாள். கேட்டேன். அவளுக்கும் சீனியாம். அவளுடைய அம்மாவுக்கும் ஒரு கால் இல்லையாம். அவள் வீடு எங்களுக்கு இரண்டு வீதி தள்ளித்தான். முதல் நாள் வந்தாள், கையில் பையோடு. வாங்கிப் படலையில் கொழுவினேன். மூன்றாம் நாள் கால் உளைகிறது, வர மாட்டேன் என்றாள். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அண்டா காணாமல் போன கதையைத் தொடங்கினேன். "வெடிங். பிக் பொட். ஸ்வீட் மில்க். கோன்."

லூசி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். மேட்டின் அடியில் கராம்பைக் கொடுத்து வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெரிய உடம்பு எனக்கு முன்னால் ஏறியதை நீ பார்த்திருக்க வேண்டும். இன்று திரும்பி வரும்போது பெரியம்மா கிணற்றடிக்கு வந்துவிட்டார். "ஆன்ரி லுக். இன் த வெல்" என்றேன். படலை வந்துவிட்டது.

"அண்ட்?" என்று லூசி கேட்டாள்.

"டுமோரோ" என்றேன்.

நாளைக்கு விடிய அவள் வந்து நிற்பாள். மைனா, அந்தக் கிணற்றுக்குள் என்ன இருந்தது? கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு சிரித்தாயே, அப்போது உனக்காவது அது தெரியுமா?