சாமானோடு சாமானாக

தை மாதம், புதன்கிழமை இரவு.

நாளை என் கல்யாணம். எனக்குக் கொடுக்கும் சாமான்களை, சம்பந்தி வீட்டார் வந்து பார்க்க, இன்று சாயங்காலம் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு முழுக்கப் பரப்பினார்கள். பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் நடுவில் என் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை நானே தூக்கி வைத்தேன். பழைய ரேடியோ போல வால்வு வைத்தது. நூறு விதச் சத்தம் தரும் சின்னப் பெட்டியைத்தான் கடையில் காட்டினார்கள். எனக்கு இந்த ஒரு சத்தம் போதும் என்று இதை வாங்கினேன்.

ஆத்தா போர்வையைப் போட்டு அதை மூடினார்கள்.

"சம்பந்தி வீட்டு ஆச்சிமாரு இது என்னன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

"என் சாமான்னு சொல்லுங்க."

போர்வையை எடுத்தேன். மறுபடி மூடினார்கள். மறுபடி எடுத்து, பிளக்கைச் சொருகினேன்.

"ஏன் சும்மா நிக்கிற?"

"வால்வு சூடாகணும் ஆத்தா."

"அதென்ன தோசைக்கல்லா?"

சூடானதும் கிட்டாரை ஒரே ஒருமுறை மீட்டினேன். பரப்பியிருந்த பாத்திரமெல்லாம் கூடவே அதிர்ந்து ரீங்கரித்தன. ஆத்தா பாய்ந்து ஒரு தூக்குச்சட்டியைப் பிடித்து நிறுத்தினார்கள். பக்கத்துத் தாம்பாளம் நிற்கவில்லை.

நாளைக்கும் என் ஆம்ப்ளிஃபயர் அங்கேதான் இருக்கும். போர்வையை நான் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.