போத்தலைத் தொடக்கூடாது

2018 ஜனவரி 5, வெள்ளி

மதியக் கூட்டம் கலைந்த பிறகு ஹோட்டல் சமையலறையில் ஆறு போத்தல்கள். புதிய வைன் பட்டியலுக்காகக் கொழும்பிலிருந்து வந்தவை. மேனேஜர் சண்முகநாதன் சேர் ஊற்றினார். எதிரே நானும் மூத்த வெயிட்டர் ஹபீல் நானாவும். நானா முகர்வதோடு சரி, வாயில் வைக்க மாட்டார், இஸ்லாமிய மார்க்கம் விடாது. நான் வாயில் சுழற்றிவிட்டுத் துப்புகிறேன்.

சிலி சிவப்பு: நாவல்பழம், ஊறிப்போன சாயத்தண்ணி, பால் விடாத தேத்தண்ணி மாதிரி நாக்கை இழுக்கிறது. ஆஸ்திரேலியா: மிளகும் புகையும், சத்தம் அதிகம். பிரான்ஸ்: முதலில் ஊமை. கொஞ்சம் காற்றுப் பட்டதும் பென்சில் சீவிய வாசனை. ஆறில் இதுதான் நல்லது. வெள்ளையில் நியூசிலாந்து: பச்சைக் கொய்யா, வெட்டிய புல். தென்னாபிரிக்கா: சப்பை, வேண்டாம் என்றேன். ஜெர்மனி: எலுமிச்சை, தேன், அடியில் மண்ணெண்ணெய்.

“மண்ணெண்ணெய் எண்டு வெள்ளக்காரன்ட்ட சொன்னா என்னயெல்லோ வெளியில போடுவாங்க!” என்றார் நானா.

“நாத்தம் அதுதான். நான் என்ன செய்ய?”

சேர் நான் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு, போத்தல்களை நானா பக்கம் தள்ளினார். நான் மேசைக்குச் சோறு கொண்டுபோகலாம். வைன் கூடாது. பெண்கள் மது விற்கும் வேலை செய்யக்கூடாதென்று 1979இல் ஓர் அரசாங்க அறிவித்தல். நான் பிறப்பதற்கு முன்பே கையைக் கட்டிவிட்டார்கள்.

ஜனவரி 8

மீனுக்கு எது பொருந்தும் என்று ஜன்னலோர மேசையில் என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியும். நானாவைத் தேடிப் பிடித்து, காதில் “நியூசிலாந்து, கொய்யா” என்றேன். அவர் போய் ஒப்பித்தார். பாராட்டு அவருக்கு. குடிக்காதவர் ஊற்றுகிறார், ருசி தெரிந்தவள் எச்சில் பிளேட் எடுக்கிறாள். என்ன நாடு இது?

ஜனவரி 11

தடையை நீக்கிவிட்டார்கள்! நிதியமைச்சர் கையெழுத்துப் போட்டாராம், பேப்பரில் இருக்கிறது. சேரே கூப்பிட்டார். “பொங்கலுக்குப் போயிட்டு வா பிள்ளை. திங்களிலிருந்து வைன் உன்ர பொறுப்பு.”

நானா தன் தக்கைத் திருகியை என் கையில் வைத்தார். “எனக்கும் நிம்மதி. குடிக்காத சாமானப் பத்திப் பொய் சொல்லிச் சொல்லி நாக்கு தேஞ்சி போச்சி.”

ஜனவரி 14, தெல்தோட்டை

தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டில், திருகியைப் பார்த்ததும் அம்மா கேட்டாள்: “சாராயம் ஊத்திக் குடுக்கவாடி ஒன்னய படிக்க வச்சேன்?” அவள் பார்வை மூலைக்குப் போனது. அங்கே அப்பா. பொங்கல் பொங்கும் முன்பே ஊற்றிக்கொண்டு விழுந்து கிடந்தார்.

இரவுச் செய்தியில் - கலாசாரம் கெடும் என்று ஜனாதிபதி அந்தத் தடை நீக்கத்தை ரத்துச் செய்யச் சொல்லிவிட்டாராம். அவ்வளவுதான். முடிந்தது. நாலு நாள்.

கலாசாரமாம்! குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய மிதிக்கிறான், லயம் முழுக்கப் பாத்துக்கிட்டு நிக்குது, அதுல கலாசாரம் கெடல. நான் ஒரு தக்கையப் புடுங்கினா கெட்டுப்போயிருமா?

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். டிவியை அணைத்துவிட்டு, “சம்பளத்த கூட்டுங்கன்னு எத்தன வருஷமா கேக்குறோம், ஒருத்தன் அசையல. இதுக்கு மட்டும் நாலே நாளா?” என்றாள்.

ஜனவரி 15

சேர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “சட்டம் எண்டால் சட்டம்தானே பிள்ளை. லைசன்ஸ் போனால் எல்லாருக்கும் வேலை போகும்.”

திருகியை நானாவிடம் திருப்பிக் கொடுத்தேன். இனிக் காதிலும் ஒன்றும் சொல்வதில்லை.

ஜனவரி 19

சொல்லவில்லை. நானா மீனுக்குப் பொருந்தாத ஆஸ்திரேலியச் சிவப்பை ஊற்றினார். பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்ன பாவம் செய்தார்? ஆனால் நான்தான் என்ன பாவம் செய்தேன்?

ஜனவரி 23

ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா தன் நாட்டு வெள்ளை எப்படி இருக்கும் என்று நானாவிடம் கேட்டார். நானா ஒப்பிக்கவில்லை. அறை முழுக்கக் கேட்கும்படி, “நான் குடிக்கிறதில்ல மேடம். ருசி பார்த்தது அவங்க. அவங்கட்டயே கேளுங்க” என்று இங்கிலீஷில் சொல்லி என்னைக் காட்டினார்.

சேர் கவுண்டரில் எழுந்து நின்றுவிட்டார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். எலுமிச்சை, தேன், மண்ணெண்ணெய் என்றேன். அந்த அம்மா சிரித்தார். அவர் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்களாம். “அதையே கொண்டு வாருங்கள்.” நானா ஊற்றினார்.

“போத்தலைத் தொட்டனியோ?” சேர் சமையலறை வரை வந்து கேட்டார்.

“தொடல சேர். பேசினேன். பேசக் கூடாதுன்னும் எழுதியிருக்கா?”

சேர் திரும்பிப் போய்விட்டார்.

ஜனவரி 27

இப்போது வைன் கேட்கும் மேசைக்கெல்லாம் இரண்டு பேர் போகிறோம். நான் பேசுவேன், அவர் ஊற்றுவார். ஒரு போத்தலுக்கு இரண்டு ஆள்! புதுப் பட்டியலும் அச்சாகி வந்துவிட்டது. சொற்கள் என்னுடையவை, மண்ணெண்ணெய் உட்பட. பெயர் போடச் சொல்லிக் கேட்டேன். “பாப்பம்” என்றார் சேர். பாப்பமாம். இதை வெற்றி என்று யாராவது சொன்னால் அறைவேன்.

ஜனவரி 31, போயா

போயா, பௌர்ணமி விடுமுறை என்பதால் நாடு முழுக்க மது விற்பனை இல்லை. அலுமாரிக்குப் பூட்டு. ஜன்னலோர மேசையில் பிரெஞ்சுச் சிவப்பு கேட்டார்கள். நானா போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சுவரோரம் என் பக்கத்தில் வந்து நின்றார். கையைத் தொங்கவிட்டார். மடித்தார். கடைசியில் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எப்புடி இருக்கு நானா?”

“கைய எங்க வைக்கிறதெண்டே வெளங்குதில்ல, தங்கச்சி.”