அறுபது அடி, ஆறு அங்குலம்

மே 9, 1893. செவ்வாய்

காலை முழுவதும் மழை. விதவை ஸ்டோடார்ட்டுக்கும் அவள் கொழுந்தனுக்கும் நடுவில் உள்ள வேலியை மூன்றாவது முறையாக அளந்தேன். வேலி நகரவில்லை. அவர்களும் நகரவில்லை.

மாலையில் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஊர் பேஸ்பால் கிளப்பிலிருந்து. "நில அளவையாளர் ஆம்ப்ரோஸ் டில்ட்டன் அவர்களுக்கு: புதிய விதிப்படி, பந்து எறிபவர் நிற்கும் இடத்தைப் பின்னால் தள்ளி ரப்பர் பலகை பதித்திருக்கிறோம். அளவு தப்போ என்று சந்தேகம். வந்து பார்க்கவும்." கீழே கோழி கிளறியதுபோல ஒரு கையெழுத்து. கார்னீலியஸ் ஹார்ட்டிகன், கேப்டன்.

அவன் இந்த ஊருக்குக் கேப்டனாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. எதிரே வந்தால் நான் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன்.

1884. மறக்கவில்லை. நான் எறிவேன், அவன் மட்டையாளன் நிற்கும் தட்டுக்குப் பின்னால் குந்திப் பிடிப்பான். எங்கள் அணியின் இன்னொரு எறிபவன் ஜூன் மாதம் சொல்லாமல் ஓடிப்போனான். அதன்பின் ஹார்ட்டிகன் தினமும் என்னையே எறியவைத்தான். ஒரே பருவத்தில் அறுபத்தோரு ஆட்டம். செப்டம்பரில் என்னால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. அக்டோபரில் பத்திரிகையில் அவன் சொன்னதாக ஒரு வரி: "டில்ட்டனின் கை செத்துவிட்டது." அந்தத் துண்டு மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் இருக்கிறது. எங்கே என்று தேட வேண்டியதில்லை. அந்தப் பக்கம் தானாகவே திறந்துகொள்ளும்.

மனைவி லவீனியாவிடம் கடிதத்தைக் காட்டினேன். "போய் அளந்துட்டு வாங்க," என்றாள். "தப்பா இருந்தா அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லலாம். ஒன்பது வருஷமா காத்திருக்கீங்களே."

மே 10

அளப்பேன். கால் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மே 12. வெள்ளி

அளவு சரியாக இருக்கிறது. தட்டின் பின்முனையிலிருந்து பலகை வரை அறுபது அடி ஆறு அங்குலம். எஃகு நாடாவை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். எவ்வளவு ஏமாற்றம்.

ஹார்ட்டிகன் அங்கே இல்லை. பந்து பிடிக்கும் ஓட்டோ ரைன்ஹோல்ட் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இருபத்தைந்து வயது ஜெர்மன்காரன், பீப்பாய் உடம்பு. "கேப்டன் நம்பமாட்டாரு சார். எங்க எறியற பையன் ஃபென் வேகமாத்தான் போடறான். ஆனா பந்து வளையற நேரத்துல மட்டைக்காரன் இன்னும் அஞ்சடி தள்ளி நிக்கறான். போன சனிக்கிழமை பந்து தட்டுக்கு மேலயே வராம, பதினோரு பேரை சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கவிட்டான்."

இவர்கள் எல்லாரும் பழைய தூரத்தில் வளைக்கக் கற்றவர்கள். பலகையைப் பின்னால் தள்ளினார்கள், பழக்கத்தைத் தள்ளவில்லை. ஆனால் குற்றம் சொல்வது நாடாவை.

இதை விளக்கிக்கொண்டே, காலடியில் கிடந்த பந்தை எடுத்து ஓட்டோவுக்கு எறிந்தேன். பழைய மெதுபந்து. கை வேகத்தைக் காட்டும், பந்து வேகமாக வராது. என் காலத்தில் அது மார்பு உயரத்திலேயே மட்டையாளனைப் போய்ச் சேர்ந்துவிடும், பிளந்து கட்டுவார்கள். இன்று அது தட்டுவரை போய், அங்கே களைத்து, விழுந்தது. ஓட்டோவின் கணுக்காலில்.

காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்: "என்ன சார் அது?"

"தெரியவில்லை," என்றேன்.

"இன்னொண்ணு போடுங்க."

இருபத்திரண்டு போட்டேன்.

மே 13

தோள் வலிக்கிறது. இந்த வலியை எனக்குத் தெரியும். உட்கார்ந்து வரைபடம் வரைந்து வந்த வலி இல்லை இது. காலையில் சவரம் செய்யும்போது சீட்டி அடித்தேனாம். லவீனியா சொல்கிறாள். நான் நம்பவில்லை.

மே 24. புதன்

தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் தோல் பதனிடும் கூடத்துக்குப் பின்னால், ஓட்டோவும் நானும். அந்த நாற்றத்துக்கு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இது ஹார்ட்டிகனுக்காக இல்லை. விழும் வளைகோட்டைப் பற்றிய ஆராய்ச்சி. அப்படித்தான் ஓட்டோவிடம் சொல்லியிருக்கிறேன். "சரிங்க சார், ஆராய்ச்சி," என்கிறான், சிரிக்காமல்.

ஒரு தொல்லை: அந்தக் காலத்தில் தரையில் கோடு போட்ட பெட்டிக்குள் குதித்து ஓடிவந்து எறியலாம். இப்போது பின்கால் பலகையை விட்டு எழக்கூடாது. என் கால் இன்னும் 1884-லேயே இருக்கிறது. துள்ளுகிறது.

இரவுச் சாப்பாட்டில் லவீனியா மூக்கைச் சுளித்தாள். "தோளிலே கற்பூரத் தைலம். சட்டையிலே தோல் கூட நாத்தம். வேற பொம்பளைன்னா இதைவிட நல்ல வாசனையா வந்திருப்பீங்க."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பிறகு, "கால் துள்ளாம இருக்க, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிப் பாருங்க," என்றாள். அடுப்படியில் நின்று செய்துகாட்டினாள். அவள் சொன்னது சரி. ஒன்பது வருடமாக அவளும் அந்த ஆட்டங்களை நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் போலிருக்கிறது.

ஜூன் 5. திங்கள்

ஹார்ட்டிகன் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். ஓட்டோ உளறியிருக்கிறான். கிளப் பதினாறு ஆட்டத்தில் பன்னிரண்டு தோற்றிருக்கிறது.

உட்காரச் சொல்லவில்லை. அவனே உட்கார்ந்தான். தொப்பை போட்டிருக்கிறான்.

"என்ன காலேஜ், தோல் கூடத்துல படிப்பு நடக்குதாமே?" அணியில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். அதற்காக அணியில் இருந்த எட்டு வருடமும் அந்தப் பெயர். அதுவும் என் கணக்கில் இருக்கிறது.

"என் கை செத்துப்போச்சே. பத்திரிகையில் படித்தேன்."

"ஆமா, நான்தான் சொன்னேன். செத்துத்தான்டா இருந்துச்சு. பாலாடைக்கட்டியை வெட்ட முடியாம லவீனியா வெட்டிக் குடுத்தா. நான் பாக்கலையா?"

"யார் கொன்றது?"

அவன் சட்டைப் பையிலிருந்து, நான் கிளப்புக்கு எறிவதற்கான ஒப்பந்தத் தாளை எடுத்தான். எடுத்தான் என்று சுலபமாக எழுதிவிட்டேன். முதலில் வரவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அமுக்கி இழுத்தான். மேசையில் வைக்கும்போது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து பொறுக்க முயன்றான். விரல்கள் தாளைத் தள்ளித் தள்ளிக்கொண்டு போயின.

அந்த விரல்களைப் பார்த்தேன். ஒன்றுகூட நேராக இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை. அந்த வருடம் பிடிப்பவர்களுக்கு விரல் வெட்டிய மெல்லிய தோலுறைதான்.

நான் பார்ப்பதை அவன் பார்த்தான். "என்ன பாக்கறே? இந்தச் சுண்டுவிரல் ட்ராய் ஊர் ஆட்டத்துல போச்சு. இது ரெண்டும் பஃபலோ, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கட்டைவிரல் எங்கேன்னு நெனப்பில்ல. எல்லாம் உன் பந்துதான், காலேஜ். அம்புட்டு வேகம் போடுவே."

அறுபத்தோரு ஆட்டம் எறிந்தேன் என்று ஒன்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தேனே — அந்த அறுபத்தொன்றையும் யார் பிடித்தது? ஒருநாள்கூட எனக்கு இந்தக் கேள்வி வரவில்லையே. எனக்கா கணக்குத் தெரியும்?

தாளை நான் பொறுக்கிக் கொடுத்தேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

ஜூன் 6

கையெழுத்துப் போட்டேன். மன்னிக்கவில்லை. கையெழுத்து மட்டும்தான். பத்திரிகை அந்த வரியைத் திரும்ப விழுங்குவதைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

ஜூலை 4. செவ்வாய்

தோளில் தைலத்தோடு எழுதுகிறேன். நல்ல வலி.

சுதந்திர நாள். காலை ஒரு ஆட்டம், மாலை ஒரு ஆட்டம், ஊரே கொடியும் எலுமிச்சைச் சாறுமாக மைதானத்தில். காலையில் ஃபென் எறிந்து தோற்றான். ஓட்டோவின் கட்டைவிரல் பிளந்தது. மாலையில் எறிய என் முறை. பிடிக்க ஆளில்லை.

ஹார்ட்டிகன் முகமூடியை மாட்டிக்கொண்டு வந்தான். கையில் இந்தக் காலத்துப் பெரிய பஞ்சுறை. "உன் பந்துக்கு இது வேற வேணுமா? தலகாணி மாதிரி இருக்கு. தூங்கிட்டே பிடிப்பேன்."

முதல் பந்து தட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே எதிரணிக்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். "தாத்தா, பந்தைத் தபால்லயா அனுப்பறே?" "ஸ்டாம்ப் ஒட்டினியா?" அவர்களுடைய முதல் ஆள் வீசி முடித்து, உடம்பைச் சுற்றி மட்டையைக் கொண்டுபோனபின் பந்து வந்தது. ஊரே சிரித்தது. அதன்பின் கத்தியவர்கள் நம் ஆட்கள்: "தபால் வந்துருச்சு, வாங்கிக்கோ!"

எல்லாம் நன்றாக நடக்கவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் கால் துள்ளியது, நடுவர் கண்டித்தார், அந்தக் கோபத்தில் மூன்று ஓட்டம் கொடுத்தேன். மகளிர் வரிசையிலிருந்து லவீனியா எழுந்து நின்று, குடையால் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். எல்லார் முன்னாலும்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். ஐந்துக்கு நான்கு, நாங்கள் முன்னால். இன்னும் ஒரே ஒருவன் அவுட்டாக வேண்டும். பேஸ்களில் அவர்கள் ஆட்கள் இரண்டு பேர். மட்டையோடு மேடக்ஸ், கதவு அகலத் தோள்காரன். இரண்டு முறை வீணாக வீசிவிட்டான், மூன்றாவதும் வீணானால் அவுட். ஹார்ட்டிகன் குந்தி, விரல்களால் சைகை காட்டினான். எந்தப் பந்து? ஒன்று நீட்டினானா, மூன்று நீட்டினானா? ஒன்று தரையைக் காட்டியது, ஒன்று மணிக்கூண்டைக் காட்டியது. கிட்டப் போய்க் கேட்டேன்.

"எதைக் கேட்கிறே?"

"எனக்கே தெரியலடா. விரல் அதுபாட்டுக்குப் போகுது. உனக்குத் தோணுறதைப் போடு. எதைப் போட்டாலும் நான் இங்கதான் இருப்பேன்."

அப்போதும் அப்படித்தான் இருந்தான். அறுபத்தோரு முறை.

மெதுபந்தை இன்னும் மெதுவாகப் போட்டேன். மேடக்ஸ் ஒரு முறை வீசத் தொடங்கி, நின்று, மறுபடி வீசினான். பந்து அவன் முழங்காலுக்குக் கீழே தலையணைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

வழக்கப்படி ஆட்டத்துப் பந்து ஜெயித்தவர்களுக்கு. ஹார்ட்டிகன் இரு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தான். தங்க மையில் தேதி எழுதி, அலுவலக ஜன்னலில் தெருவைப் பார்த்து வைக்கப் போகிறேன். போகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும்.

ஜூலை 5

பத்திரிகை: "டில்ட்டனின் கை உயிரோடிருக்கிறது." இரண்டு பிரதி வாங்கினேன்.

ஆகஸ்ட் 19

ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி. ஃபென்னுக்கு மெதுபந்து வருகிறது, பொறுமை வரவில்லை.

செப்டம்பர் 30. சனி

பருவம் முடிந்தது. நாற்பத்தோரு வயதில் பதினாறு ஆட்டம் ஜெயித்திருக்கிறேன். அடுத்த வருடமும் எறியக் கேட்டிருக்கிறார்கள். விதவை ஸ்டோடார்ட் வேலியை மறுபடி அளக்கக் கேட்டிருக்கிறாள். இரண்டுக்கும் சரி என்றேன்.

நாளை ஞாயிறு, ஹார்ட்டிகன், இப்போது எனக்குக் கானி, சாப்பிட வருகிறான். போன முறை வறுத்த கோழியை முள்கரண்டியால் குத்த முடியாமல், பசியில்லை என்று சொல்லிவிட்டான். காம்பு மெலிசு, அவன் பிடியில் நிற்கவில்லை.

இன்று மாலை ஜன்னலிலிருந்து பந்தை எடுத்தேன். தையலைப் பிரித்தேன். உள்ளே எவ்வளவு கம்பளி நூல். ஒரு முள்கரண்டியின் காம்பில் இறுக்கிச் சுற்றி, மேலே பந்தின் தோலையே போட்டுத் தைத்தேன். தடிமன் ஒன்றேகால் அங்குலம். தேதி எழுதிய பக்கம் உள்ளே போய்விட்டது. லவீனியா பார்த்தாள். மேசையில் எனக்கு அடுத்த இடத்தில் அதை வைத்தாள்.